ஒதுங்கியவர்களும் ஒதுக்கப்பட்டவர்களும்

போன மாதம் நடந்த வாசகர் கூட்டத்தில் ஒரு மாணவத் தோழர் கேட்டார்: "பள்ளிக்கூடம் நடத்துற சிஸ்டருங்க, ஆஸ்பத்திரி நடத்துற சிஸ்டருங்களப் பத்திப் பேசலாம், விமர்சனம் பண்ணலாம். கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து செபம் பண்றாங்களே, அவங்களால யாருக்கு என்ன பிரயோசனம்? அவங்களப் பத்தி நாம ஏன் பேசணும்?" கூட்டத்தில் சிரிப்பு. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பிறகு சிரித்ததற்காக வெட்கமாக இருந்தது. ஏனென்றால் என் பெரியம்மா மகள் 1998லிருந்து அப்படி ஒரு அடைபட்ட மடத்தில் இருக்கிறாள். இத்தனை வருசத்தில் இயக்கத் தோழர்கள் ஒருத்தரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் கேலி பண்ணுவார்கள் என்கிற பயம். சாதியைச் சொல்லப் பயந்த காலம் போய், அக்கா கன்னியாஸ்திரி என்று சொல்லப் பயப்படுகிற காலம் வந்துவிட்டது. ஆகவே இந்தக் கட்டுரை.

எங்க ஊர் சேதராப்பட்டு. வில்லியனூர் கொம்யூன். புதுச்சேரியிலிருந்து மயிலம் போகிற சாலையில் தொழிற்பேட்டை வரும், அதைத் தாண்டினால் ஊர், ஊரைத் தாண்டினால் நாங்கள். சுவருக்கு எங்க ஊரில் பஞ்சமே கிடையாது. கம்பெனிச் சுவர் ஒரு பக்கம். சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகுது என்று 2000க்குப் பிறகு சேதராப்பட்டு, கரசூர் பக்கம் 800 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தினார்கள். மண்டலம் வரவில்லை, நிலம் வருசக்கணக்கில் சும்மா கிடந்தது. மாடு மேய்த்தவர்களும் களை எடுத்துக் கூலி வாங்கியவர்களும் வெளியே நின்றோம். இதெல்லாம் போக ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு சுவர் உண்டு. அதற்குச் செங்கல் கிடையாது. இப்படி சுவருக்கு வெளியிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி, தானாகப் போய் ஒரு சுவருக்கு உள்ளே உட்கார்ந்தாள் என்றால் அதை யோசிக்காமல் விட முடியுமா?

*

நாங்கள் ரெண்டு தலைமுறை வேதக்காரங்க. வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கு ஆயா தலையில் துணி மூட்டையோடு நடந்தே போகும். 1877ல் கட்டின கோயில் அது. தேர் இழுக்கும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லிக்கொடுக்காமலே ஆயாவுக்குத் தெரியும்.

அக்காவுக்குப் பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து மடத்துக்குப் போகணும் என்கிற எண்ணம். பள்ளிக்கூட மடம் வேண்டாம், அடைபட்ட மடம்தான் வேணும் என்றாள். பங்குச் சாமியார் கடிதம் கொடுத்தார். 1997ல் பெரியம்மாவும் அக்காவும் ஒரு மடத்துக்குப் போனார்கள். அதன் பேரை எழுதப் போவதில்லை. ஒரு மடத்தின் பேரைச் சொன்னால் மற்ற மடங்கள் தப்பித்துக்கொள்ளும். கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மதர் அன்பாகத்தான் பேசினாராம். படிப்பு, உடம்பு, குடும்பத்தில் தீராத நோய் ஏதும் உண்டா எல்லாம் கேட்டாராம். கடைசியில் கேட்டது: "உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?"

பெரியம்மா பொய் சொல்லத் தெரியாதவள். சொல்லிவிட்டாள். மூணு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. உங்கள் மகளுக்காக செபிக்கிறோம், ஆனால் அவருக்கு இந்த வாழ்வுக்கான தேவ அழைத்தல் இருப்பதாகத் தெரியவில்லை என்று. தேவ அழைத்தல்! கடவுள் ஒருத்தியைக் கூப்பிட்டாரா இல்லையா என்பது அவள் தெருப் பெயரில் தெரிந்துவிடுகிறது. பெரியம்மா அந்தக் கடிதத்தை அடுப்பில் போடாமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். நான் படித்திருக்கிறேன்.

அடுத்த வருசம் அக்கா வேறு மாநிலத்தில் ஒரு கார்மேல் மடத்துக்குப் போனாள். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர். சேதராப்பட்டு என்றால் அது ஒரு ஊர்ப்பேர், அவ்வளவுதான். தெருப் பேரைக் கேட்டுப் பிரயோசனமில்லை, கேட்டாலும் அர்த்தம் தெரியாது. சேர்த்துக்கொண்டார்கள். இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தாய்மொழி தெரிந்த இடத்தில் ஒரு தலித் பெண்ணுக்கு அழைத்தல் இல்லை. தாய்மொழி தெரியாத இடத்தில் இருக்கிறது.

பாமா 'கருக்கு' எழுதியது 1992ல். மடத்துக்குள் போய் ஏழு வருசம் இருந்து வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் எழுத்து அது. தலித் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத சபைகள் இருப்பதாகத் தன்னிடம் சொல்லப்பட்டதை அவர் அதில் எழுதினார். அது வந்து அஞ்சு வருசம் கழித்துத்தான் எங்க பெரியம்மாவுக்கு அந்தக் கடிதம் வந்தது.

*

உள்ளே என்னதான் நடக்கிறது? நான் இதுவரை நாலு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். பார்வையாளர் அறை, நடுவில் கிராதி, அந்தப் பக்கம் அக்கா. அவள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். மடத்துக்கு மடம் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

விடிகாலை நாலே முக்காலுக்கு மணி. அஞ்சு மணிக்கெல்லாம் கோயிலில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் மௌன தியானம். புத்தகம் இல்லை, பாட்டு இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பது. பிறகு காலைச் செபம், பூசை. அப்புறம் வேலை. சமையல், தோட்டம், துணி துவைத்தல், தையல், பல கோயில்களுக்குப் போகிற ஓஸ்தி சுடுதல். மாவைக் கரைத்து இரும்பு அச்சில் ஊற்றி, தாள் மாதிரி எடுத்து, வட்டமாக வெட்டி, உடைந்ததைப் பொறுக்கி நீக்கி எண்ணிக் கட்டுவது. மதியத்துக்கு முன்னால் மனச்சாட்சிச் சோதனை. சாப்பிடும்போது யாரும் பேசுவதில்லை. ஒருத்தர் நின்று வாசிப்பார். கவிச்சி கிடையாது, நோயாளிக்கு மட்டும் உண்டு. செப்டம்பர் 14லிருந்து உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் நோன்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எல்லாரும் கூடிப் பேசலாம், சிரிக்கலாம். கையில் மட்டும் ஏதாவது வேலை இருக்கும். சாயங்காலம் மறுபடி ஒரு மணி நேரம் மௌனம். ராத்திரிச் செபம் முடிந்தால் பெரிய மௌனம், விடியும் வரை ஒரு சொல் கிடையாது. பத்து மணி வாக்கில் படுக்கை.

ஆளுக்கு ஒரு அறை. கட்டில், மேசை, சுவரில் ஒரு மரச் சிலுவை. சிலுவையில் உருவம் இருக்காது. அதில் தொங்க வேண்டியது நீதான் என்று அர்த்தமாம். வெளியே வருவது ஆஸ்பத்திரிக்கு, ஓட்டுப் போட, இப்படித் தவிர்க்க முடியாத காரியத்துக்கு மட்டும். மடத்தின் தலைவியை மூணு வருசத்துக்கு ஒரு தடவை அவர்களே ரகசிய ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதுச்சேரியில் 1968க்கு அடுத்து உள்ளாட்சித் தேர்தல் 2006ல்தான் நடந்தது. எங்க கொம்யூன் ஒரு ஓட்டுக்கு 38 வருசம் காத்துக் கிடந்தது.

சுவரில் ஒரு சுழல் பெட்டி இருக்கும். மரத்தில் செய்த உருளை, ஒரு பக்கம் திறப்பு. வெளியிலிருந்து காய்கறியோ தபாலோ உள்ளே போக வேண்டுமானால் அதில் வைத்துச் சுழற்றினால் உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். கொடுப்பவர் முகம் எடுப்பவருக்குத் தெரியாது, எடுப்பவர் கை கொடுப்பவர் மேல் படாது. முதல் தடவை அதைப் பார்த்ததும் பெரியம்மா சொன்னாள்: "நம்ம ஊர் டீக்கடைல கிளாஸ் வச்சானே, அத மாதிரி இருக்குதுடி."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. தொடாமல் கொடுப்பது, பார்க்காமல் வாங்குவது, தனியாக உட்கார வைப்பது எங்களுக்குப் புதுசில்லை. 1298ல் எட்டாம் போனிபாஸ் பாப்பரசர் ஆணை போட்டுக் கன்னியர்களை அடைப்புக்குள் வைத்தார், 1563ல் திரிதெந்து சங்கம் அதை இன்னும் இறுக்கியது என்று வரலாறு சொல்கிறார்கள். எங்களை அடைப்புக்கு வெளியே வைத்தது அதற்கெல்லாம் முந்தி. வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் ஒதுங்கியவர்கள். நாங்கள் ஒதுக்கப்பட்டவர்கள். ஒதுங்குவதற்கு முதலில் ஒரு இடத்தின் நடுவில் இருந்திருக்க வேண்டும். ஓரத்திலேயே நிறுத்தப்பட்டவள் எங்கிருந்து ஒதுங்குவாள்?

ஆனால் பெரியம்மா இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பார்வையாளர் அறையில் வருகிற எல்லாருக்கும் ஒரே பெஞ்சு. நாங்கள் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் கார் வைத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பமும் வந்து உட்கார்ந்தது. "பெரிய வீடு ஒண்ணுல என்னை உக்காருன்னு சொன்னது இங்கதான்" என்றாள். ரெண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

*

நான் பன்னிரண்டாவது முடித்து ஆறு வருசம் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தேன். பாக்கிங் பிரிவு. காண்ட்ராக்ட் கூலி. ஆறு மணி ஷிப்டுக்கு நாலே முக்காலுக்கு எழுந்திருக்க வேண்டும். அக்கா எழுந்திருக்கிற அதே நேரம்! சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் சாப்பாடு. வேலை நேரத்தில் பேசக் கூடாது. கக்கூசுக்குப் போனால் மேஸ்திரி கடிகாரத்தைப் பார்ப்பான். உடுப்பு ஒரே மாதிரி, தலைக்குத் துணி. கேட்டைத் தாண்டி வெளியே போக அனுமதிச் சீட்டு.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ, சிறைச்சாலை பற்றி 1975ல் எழுதிய நூலில் ஒரு விசயம் சொல்கிறார். நேர அட்டவணை துறவு மடங்கள் விட்டுப்போன சொத்து. அங்கேயிருந்துதான் பள்ளிக்கூடம், பட்டறை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் போனது என்று. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் மடத்து மணியும் என் கம்பெனிச் சங்கும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் பங்கு பிரித்ததில் அநியாயம் நடந்திருக்கிறது. மணி எங்களுக்கு வந்தது. அடக்கம், ஒழுங்கு, பேசாதே, குனி எல்லாம் வந்தது. அந்த மணிக்கு நடுவில் அவர்கள் வைத்திருந்த ரெண்டு மணி நேரம் மட்டும் வரவில்லை. யாருக்கும் சமைக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற ரெண்டு மணி நேரம். கதவு சாத்திக்கொள்ள ஒரு அறை.

எங்க காலனியில் எந்தப் பெண்ணுக்கு அது இருக்கிறது? ஒரே அறை வீட்டில் ஆறு பேர். ஷிப்டு முடிந்து வந்தால் தண்ணி பிடிக்கணும், உலை வைக்கணும், புருசன் குடித்துவிட்டு வந்தால் அதைத் தாங்கணும். தனியாக அழக் கூட இடம் கிடையாது, ஏரிக்கரைக்குத்தான் போகணும். அக்கா ஏன் போனாள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சாமி கூப்பிட்டது என்பாள் அவள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூடவே ஒரு அறையும் கூப்பிட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு தடவை கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அதுவும்தான்."

*

இப்போது வரலாற்றுக்கு வருவோம். அடைபட்ட கார்மேல் மடத்தை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்பெயின் நாட்டு அவிலா நகரத் தெரேசா. 1562ல் முதல் மடம். அவருடைய தாத்தா தொலேதோ நகரத்தில் யூதராக இருந்து கிறித்தவரானவர். ரகசியமாக யூத வழக்கத்தைக் கைக்கொண்டார் என்று 1485ல் விசாரணை மன்றம் தண்டித்தது. அந்தக் காலத்து ஸ்பெயினில் ரத்தச் சுத்தம் என்று ஒரு விதி. யூத ரத்தம், முஸ்லிம் ரத்தம் கலந்தவனுக்குப் பதவி கிடையாது, பல சபைகளில் இடம் கிடையாது. ஞானஸ்நானம் வாங்கி மூணு தலைமுறை ஆனாலும் ரத்தம் சுத்தமாகாது. நமக்குத் தெரிந்த கதைதானே? இந்தக் குடும்பச் சேதி 1940களில்தான் ஆவணங்களிலிருந்து வெளியே வந்தது. அதுவரை அவரைக் குலப்பெருமை உள்ள பெண்ணாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

தெரேசா முதலில் இருந்த மடத்தில் பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனித்தனி வீடு மாதிரி அறைகள், வேலைக்காரிகள், பேருக்கு முன்னால் சீமாட்டிப் பட்டம். ஏழைப் பெண்கள் பொது அறையில் படுத்தார்கள். அவர் ஆரம்பித்த மடத்தில் பட்டத்தை ஒழித்தார். குலம் பற்றிப் பேசக் கூடாது, உயர்ந்த குலத்தில் பிறந்தவள் தன் தகப்பன் பேரை மற்றவர்களைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும் என்று எழுதினார். சீதனம் இல்லை என்பதற்காகத் தகுதியான பெண்ணைத் திருப்பி அனுப்பாதே என்றார். இன்னொரு விதியும் எழுதினார். மடத்தைப் பெருக்குகிறவர்கள் பட்டியலில் முதல் பேர் தலைவியுடையதாக இருக்க வேண்டும். தோழர்களே, துடைப்பத்தைத் தலைவி கையில் கொடுத்த விதி இது. துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் சாதி என்று நமக்குத் தெரியும்.

ஆனால் விதி எழுதினால் போதுமா? அவர் காலத்திலேயே அடுப்படிக்கென்று தனிச் சகோதரிகள் வந்துவிட்டார்கள். 1582ல் அவர் செத்தார். இருபது வருசம் ஆவதற்குள், ரத்தச் சுத்தம் இல்லாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று அவர் சபையே தீர்மானம் போட்டது. அவரே உயிரோடு வந்து கதவைத் தட்டியிருந்தால் அழைத்தல் இல்லை என்று கடிதம் போட்டிருப்பார்கள்.

அதற்கப்புறம் பல நூற்றாண்டுகள் மடத்துக்குள் ரெண்டு வகுப்பு. லத்தீன் படித்துப் பாடுகிறவர்கள் ஒரு வகை. கறுப்பு முக்காடு, ஓட்டு உண்டு. சமைத்துத் துவைக்கிறவர்கள் இன்னொரு வகை. வெள்ளை முக்காடு, ஓட்டு கிடையாது, நீளமான செபத்துக்குப் பதிலாகப் பரலோக மந்திரம் எண்ணிச் சொல்ல வேண்டும். 1870ல் பிரான்சிலிருந்து மங்களூருக்குக் கார்மேல் மடம் வந்தபோது கப்பலில் வந்தவர்களில் ஒருத்தி மரியம் பவார்டி, கலிலேயாவில் பிறந்த அரபுப் பெண். சின்ன வயதிலேயே அநாதை, வீடுகளில் வேலைக்காரியாக இருந்தவள், எழுதப் படிக்கத் தெரியாது. அவள் அடுப்படிச் சகோதரியாகத்தான் இருந்தாள். 2015ல் அவளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். செத்த பிறகு பீடத்தில் ஏற்றுவது எல்லா மதத்துக்கும் சுலபம்தான், நந்தனை ஏற்றவில்லையா?

1917 திருச்சபைச் சட்டம், மடத்தில் சேருகிற பெண் சீதனம் கொண்டுவர வேண்டும் என்று எழுதியே வைத்தது. 1983 சட்டத்தில் அது இல்லை. சகோதரிகளுக்குள் இப்படி வகுப்புப் பிரிவு வேண்டாம் என்று 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. அக்கா போனபோது எல்லாருக்கும் ஒரே முக்காடு. பெருக்கும் பட்டியல் இருக்கிறது. மதர் பேர்தான் முதலில்.

*

ஐரோப்பாவில் அந்தப் பிரிவு போயிற்று. இங்கே?

புதுச்சேரி கிறித்தவத்துக்கும் சுவருக்கும் பழைய சம்பந்தம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745ல் ஒரு சம்பவம் வருகிறது. சம்பாக் கோயிலுக்குள் பறையர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. சேரிக் கிறித்தவர்கள் சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் எதுக்கு என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். எழுதினவர் நம்ம ஆள் இல்லை, நமக்கு ஆதரவானவரும் இல்லை. இருந்தும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அம்பேத்கருக்கும் பெரியாருக்கும் முன்னால், 280 வருசத்துக்கு முன்னால், கோயிலுக்குள் நின்று எங்கள் முப்பாட்டன்கள் கேள்வி கேட்டார்கள். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்தச் சுவர் இடிந்தது. மற்றச் சுவர்கள் இடியவில்லை. 2008 மார்ச்சில் இதே புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்காக அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, கலவரம், துப்பாக்கிச் சூடு, ரெண்டு உயிர் போனது. 2016ல் இந்திய ஆயர் பேரவையே ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. நாட்டில் உள்ள 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று அந்த ஆவணமே கணக்குச் சொல்கிறது. அப்படியானால் அடைபட்ட மடங்களிலும் மூணு பேருக்கு ரெண்டு பேர் நாம் இருக்க வேண்டுமே? எங்கே?

அரசாங்கம் இன்னொரு பக்கம். 1950 குடியரசுத் தலைவர் ஆணை, புதுச்சேரிக்கு 1964 ஆணை. இரண்டும் சொல்வது, நீ கிறித்தவள், உனக்குச் சாதி இல்லை, ஆகவே பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. மடம் சொல்வது, நீ கிறித்தவள்தான், ஆனால் நீ எந்தத் தெரு? வேலை கேட்டால் சாதி இல்லை. வார்த்தைப்பாடு கேட்டால் சாதி இருக்கிறது. ரெண்டு கதவிலும் ஒரே பெண்தான் நிற்கிறாள்.

*

தோழர்கள் கேட்பது எனக்குத் தெரியும். "இது மோசமான நிறுவனம்னு நீயே சொல்ற. அப்புறம் அதுக்குள்ள போறதுக்கு ஏன் உரிமை கேக்கணும்? பெண்ணை அடைச்சு வைக்கிற இடம்தானே அது?"

இதில் நியாயம் உண்டு. 2013ல் பெரியம்மா செத்தாள். தந்தி அடிக்கிற காலம் முடிந்து, போன் பண்ணினோம். அக்கா வரவில்லை. பிணத்தைத் தூக்குகிற வரைக்கும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். "பெத்தவ சாவுக்கு வராத சாமி என்னடி சாமி" என்று எங்க தெருப் பெண்கள் மாரடித்துக்கொண்டே திட்டினார்கள். பத்து நாள் கழித்து அக்கா கடிதம் வந்தது. அடுத்த தடவை போனபோது நான் சண்டை போட்டேன், கிராதியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவள் சொன்னாள்: "கேட்டிருந்தா விட்டிருப்பாங்களோ என்னவோ. எனக்குக் கேக்கத் தோணல. கேக்கக் கூடாதுன்னே பழகிட்டேன்." இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அக்காவையும் சரி, மடத்தையும் சரி. கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டை ஏற்கனவே கீழே வைக்கப்பட்டவள் எடுக்கும்போது அது எங்கே முடிகிறது, எங்கே அடிமைப் பழக்கம் ஆரம்பிக்கிறது என்று யார் பார்ப்பது?

ஆனால் உரிமைக் கேள்வி வேறு. கோயில் நுழைவுக்குப் போராடினவர்கள் எல்லாரும் அந்தச் சாமியை நம்பினவர்கள் இல்லை. நுழையக் கூடாது என்று சொல்கிறவனின் அதிகாரத்தை உடைப்பதுதான் விசயம். போவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண் முடிவு பண்ணட்டும், அவள் தெரு முடிவு பண்ணக் கூடாது.

இன்னொன்று. துறவு என்பது நமக்கு அந்நியம் இல்லை. புத்த சங்கத்தில் நாவிதர் உபாலியை முதலில் சேர்த்துவிட்டுத்தான் சாக்கியக் குலத்து இளவரசர்களைச் சேர்த்தார்கள். முதலில் வந்தவனை அடுத்து வந்தவன் வணங்க வேண்டும் என்பதால் குலச் செருக்கு அங்கேயே விழுந்தது. பாபாசாகேப் தன் கடைசி நூலில் இந்தக் கதையைச் சேர்த்திருக்கிறார். தேரிகாதையில் பாடல் இருக்கிற பிக்குணிகளில் ஒருத்தி புண்ணிகா, தண்ணி சுமந்த அடிமைப் பெண். குடும்பமும் சாதியும் சேர்ந்து ஒரு பெண்ணின் உடம்பை ஆளுகிற நாட்டில், ரெண்டுக்கும் வெளியே பெண்கள் தாங்களே ஓட்டுப் போட்டு, தாங்களே சம்பாதித்து, தாங்களே பெருக்கி வாழ்கிற ஒரு வீடு இருக்கிறதென்றால் அதைச் சிரித்துத் தள்ளுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது முழு விடுதலை இல்லை. நமக்கு அதுவும் மறுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் சேதி.

ஆகவே மடங்களைக் கேட்கிறோம். சேர வருகிற பெண்ணிடம் தெருப் பேரைக் கேட்பதை நிறுத்துங்கள். வேண்டாம் என்று சொன்னால் என்ன காரணம் என்று எழுதிக் கொடுங்கள். கடவுள் மேல் பழி போடாதீர்கள். ஒவ்வொரு மறைமாவட்டமும் அடைபட்ட மடங்களில் தலித் சகோதரிகள் எத்தனை பேர், அதில் தலைவியானவர்கள் எத்தனை பேர், புதிதாக வருகிறவர்களைப் பழக்குகிற பொறுப்பில் எத்தனை பேர் என்று கணக்கை வெளியே வைக்கட்டும். பதிவேடு உங்களிடம்தான் இருக்கிறது. பெற்றவள் சாவுக்குப் பெண்ணை அனுப்புங்கள். அவள் கேட்கக் காத்திருக்காதீர்கள். 2018ல் வத்திக்கான் வெளியிட்ட விதிப்படி சேர்வதிலிருந்து கடைசி வார்த்தைப்பாடு வரைக்கும் குறைந்தது ஒன்பது வருசம் பழக்குகிறீர்கள். ஒன்பது வருசத்தில் ஒரு நாளாவது சாதி பாவம் என்று சொல்லிக்கொடுங்கள்.

நம்ம ஆட்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வாசகர் கூட்டத்தில் கேள்வி கேட்ட தோழர், நான், சிரித்த எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்தை அன்று காலையில் பெருக்கியது ரெண்டு பெண் தோழர்கள். டீ போட்டதும் அவர்கள். கூட்டம் முடிந்து டம்ளர் கழுவியதும் அவர்கள். அவர்கள் கட்டுரை எழுத நேரம் கேட்டால் இல்லை, உட்கார்ந்து படிக்க இடம் கேட்டால் இல்லை. 460 வருசத்துக்கு முன்னால் ரத்தம் சுத்தமில்லாத குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் எழுதின பெருக்கும் பட்டியல் நம்ம அலுவலகச் சுவரில் இருக்கிறதா?

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒன்று எழுதி ஒட்டுங்கள். முதல் பேர் யாருடையது என்று பார்க்க நான் கொஞ்சம் முன்னாடியே வந்துவிடுகிறேன்.